கறுப்பு வண்டியும் நாலு டப்பா வேக்ஸும்

கறுப்பு வண்டிக்கு எந்த வேக்ஸ் நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் உடனே டப்பா எதையும் எடுத்துக் காட்டுவதில்லை. வண்டியைக் கொஞ்சம் வெயிலுக்குத் திருப்பி நிறுத்துங்கள் என்பேன். பானெட்டில் சூரியன் விழுகிற இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் பளிச்சிடும். பட்டறையில் இதை ஸ்வர்ல் என்போம். அது இருக்கும்வரை எந்த டப்பாவும் அந்த வண்டியைக் கறுப்பாக்காது. வந்தவருக்கு முகம் சுருங்கிப் போகும். அவர் கேட்க வந்தது ஒரு பெயரை. நான் சொல்வது இரண்டு நாள் வேலையை.

உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமாக விழுந்தவை அல்ல. துணி போன திசையெல்லாம் நேரும் குறுக்குமாகத்தான் கிடக்கின்றன. வெளிச்சம் வரும் திசைக்குக் குறுக்கே கிடக்கிற கீறல் மட்டுமே அந்த வெளிச்சத்தை நம் கண் பக்கம் திருப்பும், மற்றவை ஒளிந்துகொள்ளும். அதனால் டார்ச்சை எங்கே பிடித்தாலும் அதைச் சுற்றியே வட்டம் தெரியும். டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். சந்தேகப்படுகிறவர் கையிலேயே டார்ச்சைக் கொடுத்துவிடுவேன். பானெட்டின் எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் வட்டம் பின்னாலேயே வரும்போது, வண்டி முழுக்க எவ்வளவு கீறல் இருக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

பக்கத்தில் நிற்கிற வெள்ளை வண்டியிலும் இதே அளவு கீறல் இருக்கும். நம்ப மாட்டார்கள். இன்றைய வண்டிகளில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. அடியில் எந்த நிறம் இருந்தாலும் மேலே இருப்பது ஒரே சரக்குதான். நேராக விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 விழுக்காட்டை அதன் மேல்பரப்பே திருப்பி அனுப்பும். மிச்சம் உள்ளே போகும். வெள்ளையில் உள்ளே போனதில் பெரும்பகுதி சிதறி வெளியே வந்துவிடுகிறது. அந்த வெளிச்சத்தில் கீறல் மூழ்கிப் போகிறது. கறுப்பில் உள்ளே போனது போனதுதான். கண்ணுக்கு வந்து சேர்வது அந்த 4 விழுக்காடு மட்டும். அது ஒழுங்காகத் திரும்பி வந்தால் எதிரில் இருக்கிற வேப்பமரம் இலை இலையாகப் பானெட்டில் தெரியும். கீறலில் பட்டுச் சிதறி வந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். கறுப்பு வண்டியின் பளபளப்பு என்று நாம் பேசுவதெல்லாம் இந்தச் சின்னப் பங்கைப் பற்றித்தான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெயின்டர் அண்ணன் இந்தக் கணக்கெல்லாம் சொல்ல மாட்டார். "பளபளப்பு டப்பாவுல வராது தம்பி, பேடுலதான் வரும்" என்பார். பேடு என்பது பாலிஷ் மிஷினில் மாட்டுகிற நுரைத் தட்டு. அவர் டூகோ பெயின்ட் காலத்து ஆள். அப்போது கிளியர் கோட் கிடையாது, நிறமே மேல்பரப்பு. பாலிஷ் போட்டால் துணியில் கறுப்பு ஏறும். வெயிலில் வெளிறி வறண்டுபோன அந்தப் பழைய பெயின்ட், வேக்ஸில் இருக்கிற எண்ணெயைக் குடித்துப் பளிச்சென்று கறுக்கும். இந்த வேக்ஸ் போட்டால் கறுப்பு ஆழமாகும், அந்த வேக்ஸ் பெயின்டுக்கு உணவு என்று இன்றும் சொல்லப்படுகிற பேச்சில் பாதி அந்தக் காலத்து அனுபவத்திலிருந்து வந்தது. அப்போது அது பொய்யில்லை. கிளியர் கோட் எதையும் குடிப்பதில்லை. பேச்சு மட்டும் டப்பாவின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அப்படியானால் வேக்ஸ் கறுப்பை மாற்றவே மாற்றாதா? கொஞ்சம் மாற்றும். பாலிஷ் முடிந்த பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளம் மிச்சமிருக்கும். அதில் வேக்ஸ் போய் நிரம்பினால் வெளிச்சம் சிதறுவது குறையும். மழையில் நனைந்த கருங்கல் காய்ந்த கல்லைவிடக் கறுப்பாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். ஆனால் துடைத்து முடித்தபின் பரப்பில் நிற்கிற வேக்ஸ் ஒரு மைக்ரான் கூட இருக்காது. நகம் தடுக்குகிற கீறலை அது என்ன செய்துவிடும்? கிளேஸ் என்று தனியாக விற்கிற சரக்கு கீறலை நிரப்பி மறைக்கும். நாலு தண்ணீர் வாஷ் போனதும் கீறல் மறுபடி எட்டிப் பார்க்கும். விற்கப் போகிற வண்டிக்கு அதைப் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. பழைய கறுப்பு வண்டி வாங்குகிறவர்கள் ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பாலிஷையும் அள்ளிப் போட முடியாது. கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பொருள் இருப்பதும் அந்தப் பூச்சில்தான். தடிப்பான காம்பவுண்ட் போட்டு ஒரு தடவை ஓட்டினால் சில மைக்ரான்கள் போய்விடும். வருடா வருடம் "ரப்பிங்" போட்டுப் பளபளவென்று ஓட்டிய வண்டிகளின் கூரையில் வெள்ளைத் திட்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பாலிஷ் போடாததால் வந்ததில்லை, போட்டுப் போட்டு வந்தது. ஒரே ஒரு முறை சரியாகத் திருத்திவிட்டு, பிறகு கீறல் விழாமல் காப்பதுதான் கறுப்பு வண்டிக்கு வழி. ரோட்டரி மிஷினை ஆத்திரமாக ஓட்டினால் வெயிலில் மிஷின் தடம் மினுங்குகிற ஹோலோகிராம் என்ற இன்னொரு தொல்லை வரும். நான் கறுப்பை முடிப்பது எப்போதும் டூயல் ஆக்‌ஷன் மிஷினில்தான்.

இத்தனை பீடிகைக்குப் பிறகுதான் டப்பாக்களை ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது. கீறலோடு இருக்கிற பானெட்டில் ஒப்பிட்டால், எந்த வேக்ஸில் எண்ணெய் அதிகமோ அதுதான் ஜெயிக்கும். எனவே முதலில் கழுவி, கிளே என்ற களிமண் போன்ற கட்டியால் தேய்த்து ஒட்டியிருக்கிற தூசு, இரும்புத்துகளையெல்லாம் எடுத்து, பாலிஷ் முடித்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பாலிஷிலேயே எண்ணெய் இருக்கிறது. அதைத் துடைக்காமல் விட்டால் வேக்ஸே போடாத பானெட்டிலும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அதைக் கண்டு வேக்ஸின் மகிமை என்று எழுதிவைத்துவிடக் கூடாது.

பிறகு மாஸ்கிங் டேப் ஒட்டிப் பானெட்டை நெடுக்காகப் பட்டை பட்டையாகப் பிரிப்பேன். ஒரு பட்டையில் ஒன்றும் போடக் கூடாது. அது முக்கியம். மற்றதில் நாலு வகை: கார்னாபா மெழுகு அதிகமுள்ள கெட்டி பேஸ்ட் ஒன்று, கார்னாபாவும் பாலிமரும் கலந்த காலினைட் 845, முழுக்கச் செயற்கையான பாலிமர் லிக்விட் ஒன்று, சிலிக்கா சேர்ந்தது என்று விற்கிற ஸ்ப்ரே ஒன்று. சில சமயம் ஜப்பானின் சாஃப்ட் 99 நிறுவனத்து ஃபுஸ்ஸோ கோட்டையும் சேர்த்துக்கொள்வேன். அதில் இருண்ட நிறத்துக்குத் தனி டப்பா, வெளிர் நிறத்துக்குத் தனி டப்பா.

முதல் நாள் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பட்டறைக்கு வருகிறவர், போகிறவர், வண்டியின் சொந்தக்காரர், டீ கொண்டுவருகிற தம்பி, யாரை நிறுத்திக் கேட்டாலும் எந்தப் பட்டை அதிகப் பளபளப்பு என்று சரியாகச் சொல்ல முடியாது. வேக்ஸ் போட்ட பட்டைகளைப் போடாத பட்டையிலிருந்து பிரித்தறிகிறவர்கள் உண்டு. அதுவும் மேகமூட்டமான பகலில், தாழ்வாகக் குனிந்து பார்க்கும்போது. டேப்பை எடுத்தபின் வேக்ஸுக்கு வேக்ஸ் கோடு கண்டுபிடிப்பவரை நான் பார்த்ததில்லை. கண்டுபிடிப்பேன் என்று சொல்பவரைப் பார்த்திருக்கிறேன். நானும் கார்னாபாவில் ஒரு கதகதப்பு தெரிகிறது என்று சொல்லத்தான் ஆசைப்படுவேன். அந்த மஞ்சள் பேஸ்ட்டைக் கையில் எடுக்கும்போது வருகிற மணமும், துணிக்கடியில் அது வழுக்கிக்கொண்டு போகிற விதமும் மனசை முன்கூட்டியே சாய்த்துவிடுகின்றன.

கார்னாபாவின் கதை அப்படி. பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி மாநிலங்களின் வறண்ட நிலத்தில் வளர்கிற ஒரு பனை இனம் அது. வெயிலுக்கு ஈரம் பறிபோகாமல் இருக்கத் தன் ஓலையின் மேல் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. மழை இல்லாத மாதங்களில் நீளமான கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி ஓலையை அறுக்கிறார்கள். வெயிலில் காயப்போட்டு அடித்தால் மெழுகு தூளாக உதிரும். விரியாத குருத்தோலையிலிருந்து வருவது வெளிர் மஞ்சள், முதல் தரம். முற்றிய ஓலையின் மெழுகு கறுத்திருக்கும், விலை குறைவு. நம்மூரில் பனையேறியிடம் இதைச் சொன்னால் உடனே புரியும். குருத்தோலைக்கும் சாரோலைக்கும் உள்ள மதிப்பு வித்தியாசம் அவருக்குத் தெரியாததா! 1935-இல் அமெரிக்காவின் ரசீன் நகரத்து ஜான்சன் வேக்ஸ் கம்பெனியின் தலைவர் ஹெர்பர்ட் ஜான்சன், தண்ணீரிலும் இறங்கக்கூடிய ஒரு சிக்கோர்ஸ்கி விமானத்தில் இந்தப் பனையைத் தேடியே பிரேசிலுக்குப் பறந்து போனார். மாத்திரையின் பளபளப்புக்கும், குழந்தைகள் தின்கிற ஜெல்லி மிட்டாயின் மினுமினுப்புக்கும் இதே மெழுகுதான். பாக்கெட்டின் பின்பக்கம் இ903 என்று போட்டிருக்கும். அந்த ஓலையறுக்கும் தோட்டங்களில் ஆட்களை அடிமைகள் போல வைத்திருந்ததைப் பிரேசில் அரசின் தொழிலாளர் ஆய்வாளர்களே கண்டுபிடித்து மீட்டிருக்கிறார்கள். பளபளப்பு பேசுகிறவர்கள் இதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இயற்கை மெழுகுகளில் கார்னாபா மிகக் கடினமானது. உருகுநிலை 82 முதல் 86 டிகிரி. தேன்மெழுகு 62, 64-லேயே உருகிவிடும். சுத்தமான கார்னாபா கட்டியை வண்டியில் தேய்த்தால் ஒன்றும் ஒட்டாது. எனவே கரைப்பானும் எண்ணெயும் மென்மையான வேறு மெழுகும் சேர்த்துத்தான் பேஸ்ட் ஆக்க முடியும். டப்பாவின் மேல் "100 விழுக்காடு கார்னாபா" என்று இருந்தால், உள்ளே இருக்கிற மெழுகு கார்னாபா என்றுதான் அர்த்தம். உள்ளே இருப்பதெல்லாம் மெழுகு என்று அல்ல. சித்திரை வெயிலில் தெருவில் நிற்கிற கறுப்பு பானெட் 65, 70 டிகிரியைத் தொடும். கார்னாபா உருகாது, சரி. அதோடு சேர்த்த மென்மையான சரக்கு இளகிவிடும். இளகியதும் தூசியைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ச் சத்து அதிகமுள்ள பேஸ்ட் போட்ட கறுப்பு வண்டி ஏப்ரல், மே மாதங்களில் மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரம் மங்கலாகத் தெரிவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். குளிர் நாட்டுக்காரர்கள் கார்னாபாவைக் கொண்டாடுவதைப் படித்துவிட்டு இங்கே அப்படியே நம்ப முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர் நாட்டில் 845 பாட்டிலுக்குள்ளேயே இறுகிவிடும் என்று அதைச் சுடுதண்ணீரில் போட்டு வைப்பார்கள். சென்னையில் அந்தத் தொல்லை கிடையாது. குலுக்கினால் போதும், பால் மாதிரி ஊற்றலாம்.

வித்தியாசம் தெரிய ஆரம்பிப்பது தண்ணீரில்தான்.

தண்ணீர் முத்தாக நிற்பதை எல்லோரும் ரசிக்கிறார்கள். பானெட்டில் ஸ்ப்ரே அடித்து, உருண்டு நிற்கிற துளிகளைக் கிட்டப்போய்ப் படம் பிடித்தால் வேக்ஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். துளி பரப்பைத் தொடுகிற இடத்தில் உள்ள கோணத்தை வைத்து அதை அளக்கலாம். 90 டிகிரிக்கு மேலே போனால் தண்ணீரை வெறுக்கிற பரப்பு. நல்ல வேக்ஸ் எதுவும் 105, 110 அளவுக்குக் கொண்டுபோகும். வழவழப்பான பரப்பில் எந்த ரசாயனத்தைப் பூசினாலும் 120-ஐத் தாண்டுவது கடினம். தாமரை இலை 150-ஐத் தாண்டுகிறதே என்று கேட்கலாம். அதன் மேலேயும் மெழுகுதான், கார்னாபா ஓலையைப் போலவே. ஆனால் அந்த மெழுகு கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மொட்டு மொட்டான மேடுகளின் மேல் படிந்திருக்கிறது. 1997-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் இதை விளக்கி எழுதினார். தாமரை இலை ஏன் பளபளப்பதில்லை என்றும் இப்போது புரியும். மேடும் பள்ளமும் இருந்தால்தான் துளி அப்படி உருளும். மேடும் பள்ளமும் இருந்தால் வெளிச்சம் சிதறும். கறுப்பு வண்டியில் கண்ணாடிப் பளபளப்பும் வேண்டும், தாமரை இலைத் தண்ணீரும் வேண்டும் என்று கேட்டால் இரண்டும் ஒரே பரப்பில் கிடைப்பது கடினம். "தாமரை" என்று பெயர் வைத்து விற்கிற ஸ்ப்ரேக்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆக வேக்ஸுக்கு வேக்ஸ் கோணம் சில டிகிரிதான் மாறுகிறது. கண்ணுக்கு அது தெரியாது. தெரிகிற வித்தியாசம் வேறு: துளி எவ்வளவு சாய்வில் கிளம்புகிறது என்பது. சில வேக்ஸில் துளி அழகாக உருண்டு நிற்கும், ஆனால் பரப்பைப் பிடித்துக்கொண்டு நகராது. சிலவற்றில் துளி கொஞ்சம் தட்டையாகத் தெரியும், ஆனால் பானெட்டின் லேசான சரிவிலேயே கிளம்பிப் போய்விடும். படத்துக்கு முதலாவது நன்றாக இருக்கும். வண்டிக்கு இரண்டாவதுதான் நல்லது.

காரணம் நம்மூர்த் தண்ணீர். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு சொல்கிறது. சென்னையில் பல வீடுகளின் போர் தண்ணீர் 1,000-ஐத் தாண்டும். அப்படிப்பட்ட ஒரு லிட்டர் ஆவியானால் ஒரு கிராம் உப்பு மிஞ்சும். தண்ணீர் தகடாகப் பரவிக் காய்ந்தால் அது மெல்லிய வெண்படலமாகப் படியும். முத்தாக நின்று காய்ந்தால், துளியில் இருந்ததெல்லாம் ஒரே வட்டத்தில் கெட்டியாகச் சேரும். கறுப்பின் மேல் அந்த வட்டம் எப்படித் தெரியும் என்று கறுப்பு வண்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துளி லென்ஸாக மாறி வெயிலைக் குவித்துப் பெயின்டைச் சுடுகிறது என்று ஒரு கதை உண்டு. அதெல்லாம் இல்லை; வேலையைச் செய்வது உப்பு. சூட்டில் இளகிய கிளியர் கோட்டில் அது பதிந்துவிட்டால் ஷாம்பு எடுக்காது. அன்றன்றைக்கு என்றால் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்து வைத்தால் சுண்ணாம்புக் கறை கரையும். நாள்பட்டதற்கு மறுபடி பாலிஷ்தான், மறுபடி சில மைக்ரான்கள்.

மார்கழிப் பனி இதைவிட நுட்பமான தொல்லை. பனித்துளியில் உப்பு இல்லை. ஆனால் ராத்திரி வண்டி மேல் படிந்த தூசியைத் துளி தன்னிடம் இழுத்து, காய்கிறபோது ஓரத்தில் வளையமாகப் போட்டுவிட்டுப் போகிறது. முத்து முத்தாக நிற்க வைக்கிற வேக்ஸ் போட்ட கறுப்பு வண்டி காலை ஒன்பது மணிக்குப் புள்ளி புள்ளியாக நிற்கும். ஒன்றும் போடாத பட்டையைப் பார்த்தால் அங்கே புள்ளி கம்மி! "காசு கொடுத்து வேக்ஸ் போட்டதுக்கு இதுதானா சார்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முத்து நிற்பது வேக்ஸ் இருப்பதற்கு அடையாளம். வண்டி காப்பாற்றப்படுகிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி ஆகாது.

எனவே நான் ஸ்ப்ரே பாட்டிலால் சோதிப்பதில்லை. ஹோஸின் வாயில் மாட்டியிருக்கிற துப்பாக்கியைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயிலிருந்து தண்ணீரை மெதுவாகப் பானெட்டின் மேல்விளிம்பில் ஓட விடுவேன். தண்ணீர் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தகடாக இறங்கும். குழாயை எடுத்ததும் எந்தப் பட்டை முதலில் காலியாகிறது, எதில் எவ்வளவு துளி மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. பாலிமர் லிக்விட் பட்டையும் ஃபுஸ்ஸோ பட்டையும் சட்டென்று காலியாகும். 845 அவற்றுக்கு அடுத்து, அதிகத் தூரத்தில் இல்லை. கார்னாபா பேஸ்ட் பட்டையில் குண்டு குண்டாகத் துளிகள் நின்றுகொண்டிருக்கும், பார்க்க அழகாக. சிலிக்கா ஸ்ப்ரே முதல் வாரம் எல்லோரையும் தோற்கடிக்கும். அதன் வேகம் குறைவதும் சீக்கிரம். அதைத் தனி வேக்ஸாக நினைக்காமல், கழுவி முடித்ததும் போட்டுத் துடைக்கிற மேல்பூச்சாக வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. பட்டறையில் போடுகிற செராமிக் கோட்டிங் வேறு சரக்கு, வேறு விலை. அதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

வாரங்கள் போகப் போக இன்னொரு விஷயம் பார்க்க வேண்டும். தண்ணீர் முத்தாக நிற்கவில்லை என்றால் வேக்ஸ் போய்விட்டது என்று உடனே முடிவு செய்யக் கூடாது. மேலே தூசிப் படலம் படிந்தாலும் அப்படித்தான் ஆகும். வேக்ஸ் கலக்காத வெறும் ஷாம்புவில் ஒரு தடவை கழுவிவிட்டுப் பாருங்கள். பாதி நேரம் பழைய துள்ளல் திரும்பி வரும். திரும்பவில்லை என்றால்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். டப்பாவில் எத்தனை மாதம் என்று எழுதியிருந்தாலும் தெருவில் நிற்கிற வண்டிக்கு நான் அதைப் பாதியாக்கிக்கொள்வேன். அவர்கள் எந்த ஊர் வெயிலை வைத்து எழுதினார்களோ!

போடுகிற முறையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நிழல், ஆறிய பானெட், மெல்லிய பூச்சு. தடிப்பாகப் போட்டால் அதிகம் நிற்கும் என்பது தவறு. பரப்பைத் தொடுகிற படலம்தான் நிற்கும், மிச்சமெல்லாம் துணிக்குத்தான் போகும். அதைத் துடைத்தெடுக்கத் தோள் வலிக்கும், அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். காலினைட்டின் 476எஸ் மாதிரி கெட்டி பேஸ்ட் போடுகிறவர்கள் ஒரு கதவு போட்டு, துடைத்து, அடுத்த கதவுக்குப் போக வேண்டும். வண்டி முழுக்கப் பூசிவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. விரலால் லேசாகத் தடவினால் அடியில் கறுப்பு சுத்தமாகத் தெரிய வேண்டும், இழுவையாகத் தெரிந்தால் இன்னும் காயவில்லை. கறுப்பு நிறமே கலந்த "பிளாக் வேக்ஸ்" தேவையா என்று கேட்பார்கள். நிறம் கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறது, வேக்ஸ் அதற்கு மேலே. ஆழமான கீறலுக்குள் கறுப்புச் சாயம் கொஞ்சம் ஒளிந்து உட்காரும், அவ்வளவே. டூகோ காலத்து வண்டி வைத்திருப்பவர் வாங்கலாம்.

காகத்தின் எச்சத்துக்கும் புங்கமரத்துப் பிசுபிசுப்புக்கும் எந்த வேக்ஸும் கவசமில்லை. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. பங்குனி வெயிலில் மதியத்துக்குள் பெயின்டில் தடம் பதித்துவிடும். வேக்ஸ் நமக்குச் சில மணி நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள் ஈரத் துணியை அதன் மேல் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் அள்ளியெடுக்க வேண்டியது நம் வேலை.

ஆயுத பூஜையும் இதில் சேரும். சந்தனமும் குங்குமமும் பானெட்டில் வைப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை, நானும் வைக்கிறவன்தான். மறுநாள் காய்ந்த சந்தனத்தை வறட்டுத் துணியால் ஒரு இழுப்பு இழுத்து எடுக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடிவதில்லை. தண்ணீர் விட்டு ஊறவைத்தால் தானே வழிந்துவிடும். அந்த நாளுக்குச் சற்று முன்பே வேக்ஸ் போட்டுவிடுவது எல்லா வகையிலும் நல்லது: பூஜைக்கும் வண்டி பளபளக்கும், பின்னாலேயே வருகிற வடகிழக்குப் பருவமழைக்கும் தயாராக இருக்கும்.

தெருவில் நிற்கிற, போர் தண்ணீரில் கழுவப்படுகிற கறுப்பு வண்டிக்கு ஒரே ஒரு டப்பாதான் வாங்க முடியும் என்றால் காலினைட் 845 வாங்குங்கள். ஃபுஸ்ஸோ கோட் அதைவிட நாள்பட நிற்கும். ஆனால் பரப்பைச் சுத்தமாகத் தயார் செய்யாவிட்டால் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொண்டு பாடாய்ப் படுத்தும். பொறுமை இருப்பவர்களுக்கு அதுவே முதலிடம். கார்னாபா பேஸ்ட் வண்டியை ஷெட்டுக்குள் வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்க்கிற இன்பத்துக்கு. அந்த இன்பமும் குறைந்தது இல்லை. ஆனால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சொல்லாதீர்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய வித்தியாசம் செய்யக்கூடிய ஒன்று உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் காலை ஆறு மணிக்கு நடக்கிறது. ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, இருபது வண்டி. முதல் வண்டியின் மணல் உங்கள் கறுப்பு பானெட்டில் இழுபடுகிறது. தெருத் தூசியில் இருக்கிற குவார்ட்ஸ் மணல் கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினம். தினமும் துடைக்கிற அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவரிடம் கேட்டது அதைத்தான். நாளை அவரிடம் பேசுங்கள்: தினமும் துடைக்க வேண்டாம், கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும், வாரம் ஒரு நாள் முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, ஷாம்புவுக்கு ஒரு வாளி, கையுறையை அலச இன்னொரு வாளி வைத்துக் கழுவுங்கள் என்று. இரண்டு மைக்ரோஃபைபர் கையுறையும், உங்கள் வண்டிக்கென்று ஒரு நல்ல துண்டும் வாங்கிக் கொடுங்கள். மாதச் சம்பளத்தைக் குறைத்துவிடாதீர்கள்.